பை நிறைய லென்ஸ், கை நிறைய காகிதம்

நவம்பர் பிறந்தால் திருவண்ணாமலை செங்கம் சாலையின் நடையே மாறிவிடும். ரமணாஸ்ரமத்தை ஒட்டிய தெருக்களில் வீட்டு வாடகை ஏறும். டீக்கடைப் பலகையில் ஜிஞ்சர் லெமன் இடம்பிடிக்கும். ஸ்கூட்டர் வாடகைக்கு விடுபவர் போனைக் கீழே வைக்க மாட்டார். மார்ச் வெயில் உறைக்கும் வரை வெளிநாட்டவர் கூட்டம் குறையாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் சும்மா உட்கார வருகிறவர்கள்தான். ஆனாலும் அவர்களின் முதுகுப் பைகளில் ருத்திராட்சத்துக்குப் பக்கத்திலேயே ஃபுல் ஃப்ரேம் கேமரா, நாலைந்து லென்ஸ், சவுண்ட் ரெக்கார்டர், காலர் மைக், எடிட்டிங் லேப்டாப் என்று ஒரு சிறு ஸ்டூடியோவே இருக்கும். தீபத் திருவிழா நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம் மீனம்பாக்கம் விமான நிலையத்தை எப்படித் தாண்டி வந்தது? சுங்கத்தில் அறிவிக்க ஒன்றுமில்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் நேராக நடந்து வந்தது என்பதுதான் நேர்மையான பதில். கழுத்தில் ஒரு கேமரா தொங்கும் சுற்றுலாப் பயணியை சுங்க அதிகாரி ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதே கேமரா மூன்றாகி, கூடவே டிரைபாட், லைட், அலுமினியப் பெட்டி என்று டிராலியில் ஏறினால் கதை வேறு. அங்கிருந்துதான் இந்தக் கட்டுரையின் கதை ஆரம்பிக்கிறது. ஒருவர் தன் தொழில் கருவியை இன்னொரு நாட்டுக்குள் கொஞ்ச நாளைக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவதற்கு உலகம் முழுக்கச் சட்டம் இருக்கிறது. நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் இருக்கிறது. பச்சை, மஞ்சள், வெள்ளை, நீலத் தாள்களில் அதற்கென்று ஒரு புத்தகமே இருக்கிறது. கம்பெனிக்காரர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. கேமரா ஒன்றை மட்டும் நம்பிப் பிழைக்கும் தனி ஆளுக்கும், தவிலைத் தூக்கிக்கொண்டு மலேசியா போகிற வித்வானுக்கும்தான் யாரும் சொல்வதில்லை.

அண்ணாமலைக்கும் வெளிநாட்டுக் கேமராவுக்கும் பழைய சொந்தம். 1949 மே மாதம் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ் ரமண மகரிஷியைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. படங்கள் எலியட் எலிசோஃபன் எடுத்தவை. மறு வருடம் ஏப்ரலில், மகரிஷியின் கடைசி நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் இங்கே இருந்தார். மகரிஷி மறைந்த 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு எரிநட்சத்திரம் ஒன்று வானத்தைக் கடந்ததைப் பார்த்துக் கடிகாரத்தைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அவர் கையில் இருந்தது லைக்கா. கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும் கருவி. அந்தக் காலத்தில் இந்தத் தொழிலுக்கு உலகப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு நியாயம்; பல இடங்களில் தீர்வைத் தொகையை ரொக்கமாக வைத்துவிட்டு, திரும்பும்போது கெஞ்சி வாங்க வேண்டும்.

பொது விதி வந்தது 1961-ல். பிரஸ்ஸல்ஸில் அந்த ஆண்டு ஜூன் 8 அன்று தொழில் கருவிகளின் தற்காலிக இறக்குமதிக்கென்று தனி உடன்படிக்கை உருவானது. டிசம்பரில் அதற்குத் துணையாக ஏ.டி.ஏ. உடன்படிக்கை வந்து 1963-ல் நடைமுறைக்கு ஏறியது. பிறகு 1990-ல் இஸ்தான்புல் உடன்படிக்கை இப்படிச் சிதறிக் கிடந்தவற்றை ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. இவற்றின் சாரத்தை நம் கடைத்தெரு மொழியில் சொன்னால்: கருவி உன்னுடையது, அதை வைத்து நீ வேலை செய்யப் போகிறாய், விற்கப் போவதில்லை, வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவாய், அப்படியானால் தீர்வை வேண்டாம். போகாவிட்டால் யார் கட்டுவது என்பதற்கு மட்டும் ஒரு ஆளைக் காட்டு.

தொழில் கருவி என்றால் எது? 1961 உடன்படிக்கையின் பட்டியலைப் படித்தால் சுவாரசியமாக இருக்கிறது. பத்திரிகைக்காரரின் டைப்ரைட்டரும் கேமராவும் அதில் உண்டு. சினிமாக்காரர்களின் கருவிகளுக்குத் தனிப் பிரிவு. வாத்தியக்காரர்களின் வாத்தியம், நாடகக்காரர்களின் உடை, மருத்துவரின் கருவி, நில அளவை செய்பவரின் அளவுகோல்கள் வரைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது நம்மூர் விதிக்கு வாருங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பும் இந்தியர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய தொழில் கருவி எது என்று 1998-ம் வருடத்து பேக்கேஜ் விதிகள் விளக்கம் சொல்லின. தச்சர், பிளம்பர், வெல்டர், கொத்தனார் போன்றவர்களுக்குத் தொழிலில் தேவைப்படும், கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவிகள். அடுத்த வரியிலேயே விலக்குப் பட்டியல்: கேமரா, கேசட் ரெக்கார்டர், டிக்டஃபோன், கம்ப்யூட்டர், டைப்ரைட்டர் ஆகியவை இதில் சேராது!

இரண்டும் வேறு வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை என்பது உண்மைதான். உடன்படிக்கை, வந்து திரும்பும் கருவிக்கு. பேக்கேஜ் விதி, வளைகுடாவிலிருந்து ஊருக்கு ஒரேயடியாக வரும் கருவிக்கு. தொண்ணூறுகளின் துபாய் ரிட்டர்ன் பைகளில் என்னென்ன வந்தது என்று நினைவிருப்பவர்களுக்கு அந்த விலக்கின் காரணம் புரியும். ஆனாலும் கேமராவைப் பார்த்தால் ‘இது வேலைக்கா, விற்கவா’ என்ற சந்தேகம் நம் சுங்கத்துறையின் ரத்தத்தில் ஊறியது. கொத்தனாரின் கரண்டியை யாரும் பர்மா பஜாரில் விற்கப் போவதில்லை. கேமராவை விற்கலாம்.

சந்தேகத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1968-ல் பிரெஞ்சு இயக்குநர் லூயி மால், கேமராவுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர் என்று மூன்றே பேர் கொண்ட குழுவாக வந்து, 16 எம்.எம். கேமராவோடு மாதக்கணக்கில் இந்தியாவைச் சுற்றினார். மயிலாப்பூர்த் தேரோட்டமும் கலாக்ஷேத்ராவும் அவர் படத்தில் உண்டு. அந்தத் தொடரை பிபிசி ஒளிபரப்பியபோது இந்தியாவின் ஏழ்மையை மட்டும் காட்டுகிறார்கள் என்று டெல்லி கொதித்தது. 1970-ல் பிபிசியின் டெல்லி அலுவலகமே மூடப்பட்டது. அதன் பிறகு வெளிநாட்டுப் படக்குழு என்றால் பெட்டிக்குள் என்ன வருகிறது என்ற கேள்வியோடு, பெட்டிக்குள் என்ன போகிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. டாக்குமென்டரி எடுக்க வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதி, சினிமா எடுக்கத் தனி விசா என்பதெல்லாம் இந்த இரண்டாவது கேள்வியின் பிள்ளைகள். டூரிஸ்ட் விசாவில் வந்து, வாடகை வீட்டில் தங்கி, சாதுக்களைப் பேட்டி எடுத்து விற்கும் ‘ஒன் மேன் க்ரூ’க்கள் கருவி விஷயத்தில் தப்பித்தாலும் விசா விஷயத்தில் மாட்டுவார்கள். சுங்கத்தைத் தாண்டிவிட்டால் கோயிலுக்குள் கேமரா வைக்கலாம் என்றும் அர்த்தமில்லை. அதற்கு அறநிலையத்துறையின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

சரி, அந்தப் புத்தகம் எப்படி இருக்கும்? பெயர் ஏ.டி.ஏ. கார்னெட். பச்சை அட்டை. உள்ளே மஞ்சள் தாள்கள், சொந்த நாட்டிலிருந்து கிளம்பும்போதும் திரும்பும்போதும் கிழிப்பதற்கு. வெள்ளைத் தாள்கள், போகும் நாட்டில் நுழையும்போதும் வெளியேறும்போதும். வழியில் ஒரு நாட்டைக் கடந்து போவதென்றால் நீலத் தாள். இதன் உயிர் ஒரு பட்டியலில் இருக்கிறது. வரிசை எண், பொருளின் விவரம், எத்தனை, எடை, மதிப்பு, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று ஆறு பத்திகள். விவரம் என்றால் ‘கேமரா 1’ என்று எழுதினால் போதாது. கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் வேண்டும். லென்ஸின் வளையத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் அந்தப் பொடி எழுத்துதான் பாஸ்போர்ட் நம்பர் மாதிரி. ஒரு எண் இடம் மாறினாலும் அதிகாரிக்கு அது வேறு லென்ஸ். கார்னெட்டின் ஆயுள் ஒரு வருடம். அதற்குள் எத்தனை நாடு வேண்டுமானாலும் போய்வரலாம். ஒவ்வொரு நாடும் எத்தனை நாள் தங்கவிடும் என்பதை அந்த நாடு முடிவு செய்யும்.

எண்பது நாடுகள் வாக்கில் இதை ஏற்கின்றன. நம் ஆட்கள் அதிகம் போகும் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, பிரிட்டன், அமெரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் அதில் அடக்கம். இந்தியாவில் கார்னெட் கொடுக்கும் அதிகாரம் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்புக்கு. வெளிநாட்டில் நீங்கள் பொருளை விட்டுவிட்டு வந்தால் அந்த நாட்டின் தீர்வையைக் கட்டும் பொறுப்பு முதலில் அவர்களுடையது. அதனால் உங்களிடம் கட்டணத்தோடு பிணையும் கேட்பார்கள். பெரிய சினிமா கம்பெனிக்கு பேங்க் கேரண்டி ஒரு கையெழுத்து. திருவண்ணாமலையில் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரருக்கு அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். ‘இதுக்கு அங்கேயே கேமராவை வாடகைக்கு எடுத்துடலாம்’ என்று பலரும் முடிவெடுப்பது இதனால்தான். வெளிநாட்டுப் பாடல் காட்சிக்குப் போகும் சினிமாக் குழுக்களே பல நேரம் அதைத்தான் செய்கின்றன.

இந்த இடத்தில் சென்னையில் வேலையைத் தொடங்கிய ஒருவரின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. பரங்கிமலையில் 1802 ஏப்ரல் 10 அன்று அடிக்கோடு அளக்கத் தொடங்கி, இந்தியாவின் மாபெரும் நில அளவைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் வில்லியம் லாம்ப்டன். அவர் அளந்த உருக்குச் சங்கிலியின் ஜாதகம் விசித்திரமானது. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாக மெக்கார்ட்னியின் தூதுக்குழு 1793-ல் பீக்கிங் கொண்டுபோனது, அரண்மனை வேண்டாமென்றது, கல்கத்தாவில் விலைக்கு வந்தது, லாம்ப்டன் கைக்குப் போனது. அவருடைய முக்கியக் கருவியான பெரிய தியோடலைட் லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலை நடுக்கடலில் ‘பியமாந்தேஸ்’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் பிடித்து மொரீஷியஸுக்கு இழுத்துக்கொண்டு போனது. பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இது அறிவியல் கருவி, போர்ப் பொருளல்ல என்று மதித்து, பாராட்டுக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். எதிரி நாட்டின் தொழில் கருவி, தீர்வையில்லை, பிணையில்லை, கார்னெட் இல்லை! 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அதே தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியதும், லாம்ப்டன் வாரக்கணக்கில் தனியே உட்கார்ந்து சுத்தியலால் தட்டித் தட்டிச் சீராக்கியதும் தனிக் கதை. நில அளவைக்காரரின் கருவிகளை 1961 பட்டியலில் சேர்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

இன்றைய கருவிகளில் மன்னிப்பே இல்லாதவை இரண்டு. ஒன்று டிரோன். மலையை மேலிருந்து சுற்றிக் காட்டும் படத்தை யார்தான் விரும்ப மாட்டார்கள்? 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் உண்டு. ஆன்மிக வீடியோ அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாவது சாட்டிலைட் போன். அதோடு மலையேறுபவர்கள் பையில் மாட்டிக்கொள்ளும் கார்மின் இன்ரீச் போன்ற சின்னக் கருவியும் அதே கணக்குதான். அவசரத்துக்கு உதவும் என்று நம்பிக் கொண்டுவந்து, விமான நிலைய ஸ்கேனரில் மாட்டி, வழக்கைச் சந்தித்த வெளிநாட்டவர்கள் 2024 கடைசியில் செய்தியானார்கள். அவர்கள் ஊரில் அது கடையில் வாங்கும் சாதாரணப் பொருள். இங்கே அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

டிரோனோடு வந்திறங்கிவிட்டவருக்கு ஒரு வழி இருக்கிறது. சுங்கச் சட்டம் 1962, பிரிவு 77: பையில் இருப்பதை உள்ளபடி அறிவிக்க வேண்டும். பிரிவு 80: அப்படி அறிவித்த பொருளுக்குத் தீர்வை இருந்தாலும் சரி, தடையே இருந்தாலும் சரி, ‘நான் நாடு திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன், அதுவரை நீங்களே வைத்திருங்கள்’ என்று அதிகாரியிடம் கேட்கலாம். கிளம்பும் நாளில் தானே வாங்க முடியாவிட்டால், தான் அதிகாரம் கொடுத்த வேறொரு பயணி மூலமாகவோ சரக்காகவோ பெறலாம். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பிடித்த பிரிவு இதுதான். ஆனால் நிபந்தனை ஒன்று: முதலில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பச்சை வழியில் நடந்து, பிடிபட்ட பிறகு பிரிவு 80-ஐ நினைவுகூர்ந்தால் செல்லாது.

இதுவரை உள்ளே வருகிறவர்கள் கதை. வெளியே போகிறவர்கள் பாடு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கோலாலம்பூரில் கல்யாணம், சிங்கப்பூரில் வளைகாப்பு என்று நம்மூர் புகைப்படக்காரர்களைக் கூப்பிட்டுக்கொள்ளும் குடும்பங்கள் பெருகிவிட்டன. இரண்டு பாடி, நாலு லென்ஸ், ஒரு கிம்பல் என்று கிளம்புகிறார்கள். அங்கே வேலை செய்ய என்ன அனுமதி வேண்டும் என்பது தனித் தலைவலி. ஊர் திரும்பும்போது சென்னையில் அதிகாரி கேட்கும் கேள்வி எளிமையானது: ‘இது இங்கேயிருந்து கொண்டுபோனதா, அங்கே வாங்கினதா?’ பழைய பில் வீட்டில் இருக்கும். அல்லது ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியதால் பில்லே இருக்காது. 2016 பேக்கேஜ் விதிகளின்படி இந்தியப் பயணிக்குத் தீர்வையில்லா வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது. அதற்கு மேல் 35 சதவீதம் தீர்வை, அதன் மீது 10 சதவீத கூடுதல் வரி, ஆக 38.5 சதவீதம் என்பது பல வருடம் நடந்த கணக்கு. இரண்டு லட்சம் மதிப்புள்ள கேமராவுக்கு 57,750 ரூபாய். கல்யாணத்தில் கிடைத்த காசு அங்கேயே காலி. (வரம்பும் விகிதமும் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் சுங்கத்துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.)

இதற்கு மருந்து எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட். புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டி, மாடலும் சீரியல் நம்பரும் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளும் ஒரு தாள். திரும்பும்போது அதைக் காட்டினால் பேச்சு முடிந்தது. அதிகாரி பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் எழுதுவார் என்பதால் பெட்டியை லக்கேஜில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறவர்கள் திண்டிவனத்து நெரிசலோடு இந்த வரிசைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும். இவ்வளவு உபயோகமான ஒரு தாளைப் பற்றித் தமிழில் ஒரு பலகைகூட இல்லாமல் காலம் தள்ளுகிறோம். பாஸ்போர்ட் கொடுக்கும் கையோடு ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கோயில் ஊர் என்பதால் இன்னொரு கூட்டமும் இங்கிருந்து கடல் கடந்து போகிறது. வெளிநாட்டு முருகன் கோயில்களுக்குத் திருவிழா வாசிக்கும் மேளக்காரர்கள். நாகஸ்வரத்தை கார்னெட்டில் எழுதலாம், தவிலை எழுதலாம். சீவாளியை எழுத முடியாது. வாசித்துத் தீரும் பொருள் கார்னெட்டில் வராது என்பது விதி. மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்கத்தில் அப்பும் ரவைக்கும் அதே கதி. அது கூடுதலாக, உணவுப் பொருளும் ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியா போகிறவர்கள் தோல் வாத்தியத்தை உயிரிப் பாதுகாப்புப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மரமும் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் சேர்ந்த தவில் அந்த அதிகாரிகளின் பார்வையில் மூன்று தனித்தனி ஆபத்து. குறிப்பிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், இல்லை மருந்து அடிக்கச் சொல்வார்கள், மறைத்தால் அபராதம். பாட்டனார் காலத்து வீணை, தம்புராவில் தந்த வேலைப்பாடு இருந்தால் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 2022 முதல் பிரிட்டனில் தந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. கார்னெட் தீர்வையிலிருந்துதான் காக்கும், வனவிலங்குச் சட்டத்திலிருந்து காக்காது. ஈட்டி வகை மரத்துக்கு 2017-ல் உலகளவில் வந்த கட்டுப்பாடு வாத்தியக்காரர்களைக் கலங்கடித்தது; செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் விலக்குத் தந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

கடைசியாகக் கல் தச்சர்கள். வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்து 2023-ல் குடமுழுக்குக் கண்ட ஹவாய்த் தீவுகளின் இறைவன் கோயில் வரை, தமிழ்நாட்டுச் சிற்பிகளின் உளி போகாத கண்டம் குறைவு. 1998 விதி பெயர் சொல்லி மதித்த கொத்தனார் வகையறா இவர்கள்தான். உளிகளைக் கைப்பையில் விடமாட்டார்கள், லக்கேஜில் போட வேண்டும். அதில் சிக்கலில்லை. சிக்கல், உளிக்கு சீரியல் நம்பர் கிடையாது என்பதில். அதனால் பட்டியலில் எண்ணிக்கையும் எடையும்தான் பேசும். உளியோ தினம் முனை மழுங்கும், உலையில் காய்ச்சித் தட்டித் தீட்ட வேண்டும், மாதக்கணக்கில் கருங்கல்லோடு மல்லுக்கட்டினால் விரல் நீளம் குறைந்துபோகும். எடை குறைந்ததற்கு விளக்கம் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். உடைந்தால் எறிந்துவிட்டு வந்துவிடவும் கூடாது: அந்த நாட்டுச் சுங்க அதிகாரி முன்னிலையில் அழித்துச் சான்று வாங்க வேண்டும், இல்லையென்றால் நாற்பது உளி எழுதிக்கொண்டு போனவர் முப்பத்தேழு முழு உளியோடு மூன்று துண்டையும் கட்டித் தூக்கிக்கொண்டுதான் மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டும்.